மூன்றாம் எண் ரம்பத்தில் போட்ட வட்டம்

ராஜாங் ஆற்றங்கரை ரம்பங்களுக்கெல்லாம் பல் தீட்டிய பெருந்தகையே, சுத்தியல் தட்டும் சத்தத்திலேயே இரும்பின் இறுக்கம் அறிந்த செவியே, எங்கள் மூத்தவரே, திங் சுவான் ஹுவாட் அவர்களே, தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணக்கம்!

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வந்திறங்கியபோது, தண்ணீரே தெரியாதபடி ஆற்றை மரத்தெப்பங்கள் மறைத்திருந்தன. ஐந்து ஆலைச் சங்குகளும் ஒன்றாய் ஊதின. கால் நட்டுக் கட்டிய வீடுகளில் நானூறு குடும்பங்கள் உலை வைத்தன. பள்ளி வந்தது, கோயில் வந்தது, கூடைப்பந்துத் திடலும் வந்தது. அத்தனைக்கும் தங்கள் கையே காரணம் என்று முதலாளி மேடைதோறும் முழங்கினார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்தது.

தீட்டியவர் தம் குறியை ரம்பத்தில் சுண்ணக்கட்டியால் இடுவது நம் ஆலை வழக்கம். தங்கள் வட்டத்தைக் கண்டால் தலைமை அறுப்பாளர் ஜிம்புன் முகம் மலரும். தங்களுக்கு அடுத்த பலகையில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்தவனும், இம்மடலை எழுதுபவனுமான லாவ் கீ உங்கின் கோட்டுக் குறியைக் கண்டாலோ, “அண்ணனோடது இல்லையா? சரி, இதையே மாட்டு, வேற வழி” என்பார். கீ உங்குக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

ஒருநாள் தான் தீட்டிய மூன்றாம் எண் ரம்பத்தில் அவன் தங்கள் வட்டத்தைப் போட்டான். அறுபடும் பலகை கோணினால் பழி தங்களுக்கு என்பது அவன் திட்டம். ரம்பமோ மாலைவரை நூல் பிடித்தாற்போல் ஓடியது. அதுவரை ஆலை காணாத அளவு மரம் அறுபட்டது. முதலாளி தங்களுக்குப் பன்றித்தொடை பரிசளித்தார். பல்லைப் பார்த்ததுமே அது யார் வேலை என்று தங்களுக்குத் தெரியும். மறுநாள், “தம்பி, நேத்து ரம்பம் நல்லா ஓடுச்சுல்ல?” என்று சொல்லி ஒரு துண்டு கறியை நீட்டினீர்கள். வாய் திறந்தால் தன் வஞ்சகம் வெளிப்படுமே என்று அவன் அதைத் தின்று தொலைத்தான்.

பிறகு மலையில் மரம் தீர்ந்தது. நான்கு ஆலைகள் மூடின. குடும்பங்கள் சிபு, மிரி நகரங்களுக்குப் படகேறின. கடைசி ஆலையும் தாங்கள் ஓய்வுபெறும் இன்றோடு மூடப்படுகிறது. அறுக்க மரமில்லாத ஊரில் கீ உங் இனி எந்த ரம்பத்தைத் தீட்டித் தன் கையைக் காட்டுவான்?

நோய்நொடியின்றி நூறாண்டு கடந்தும் தாங்கள் நலமாக வாழ வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுப் புகழையும் முழுதாக எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாளை மட்டும், இந்த மேடையில், ஜிம்புன் காதில் விழும்படி எனக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். அது என் ரம்பம்.

இவ்வண்ணம்,
எஞ்சியுள்ள தொழிலாளர் பதினொருவர் சார்பில்,
லாவ் கீ உங்
(மற்ற பத்துப் பேரும் படிக்காமலே கையெழுத்திட்டவர்கள்)