குண்டூசி டீச்சரின் சுவரில் ஒரு படிவம்

மேடையிலிருக்கும் முதல்வர் அவர்களே, சக ஆசிரியர்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவரே, மகளே, நாற்காலி இருந்தும் உட்கார மனமில்லாமல் நிற்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் வணங்கிப் பேசுகிறேன்.

கணினித் துறையில் பதினெட்டு ஆண்டுகள் வடிவமைப்புப் பாடம் நடத்திய நம் பேராசிரியரைப் போன வியாழக்கிழமை மாரடைப்புக்குப் பறிகொடுத்தோம். பிள்ளைகளே, நீங்கள் வைத்த பெயர் குண்டூசி டீச்சர். கோபித்துக்கொண்டாரா? இன்னொரு டப்பா குண்டூசி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்!

அவர் வகுப்பில் பாடம் எழுதிப் போடும் வேலையே கிடையாது. மாணவர்கள் தாங்கள் வரைந்ததைக் குண்டூசியால் சுவரில் குத்த வேண்டும்; எல்லோரும் சுற்றி நின்று குறை சொல்வார்கள். செய்தவர் வாய் திறக்கக் கூடாது. ஒரு மாணவி மருத்துவமனையில் டோக்கன் எடுக்கும் ஒரு செயலியின் திரைகளைத் தாளில் வரைந்திருந்தாள். டீச்சர், வராந்தா கூட்டும் அம்மாவை அழைத்து வந்து, "இதுல ஒரு டோக்கன் எடுங்கம்மா" என்றார். அந்த அம்மா முதல் திரையிலேயே திருதிருவென்று விழித்தார். மாணவி விளக்கப் பாய்ந்தாள். "நீ பேசக்கூடாது கண்ணு! ஒவ்வொரு நோயாளி பக்கத்துலயும் போய் நிப்பியா?" என்றார் டீச்சர். மாடி முழுக்கச் சிரிப்பு.

துறைத் தலைவனான எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. சந்தைக்கடை என்பேன். "ஒரு நாள் வந்து நின்னு பாருங்க சார்" என்பார். "பாக்கலாம், பாக்கலாம்" என்பேன். மூன்று ஆண்டுகள் அதையே சொன்னேன்! கடைசியில், அவருடைய வகுப்பறையையே மூடிவிடலாம் என்று முதல்வருக்குக் கடிதமும் எழுதினேன். அதன் நகலை டீச்சர் படித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருக்கக் கூடாதா, டீச்சர்?

நேற்று சாவியோடு அந்த அறைக்குப் போனேன். சுவரில், நான் வடிவமைத்த மதிப்பெண் படிவம். ஆசிரியர்கள் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே நிரப்புவீர்களே, அதேதான். சுற்றிலும் குறை எழுதிக் குத்திய ஒரு சீட்டுகூட இல்லை. கீழே அவர் கையெழுத்து, மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதியோடு: "செய்தவர் இல்லாதபோது குறை சொல்வது நம் வழக்கமில்லை. சார் வரட்டும்."

அவர் காத்திருந்தார், ஐயா! நான் போகவில்லை.

முதல்வர் அவர்களே, என் கடிதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். பிள்ளைகளே, அந்த அறை மூடப்படாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் படிவத்தின் அருகே வந்து நிற்பேன். தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். "சார் வந்துட்டாரு, ஆரம்பிங்க" என்று சொல்லத்தான் அங்கே அவர் இருக்க மாட்டார்.