ஆறு நாள் அவகாசம்

குழந்தைகளின் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அதற்கெல்லாம் பயந்தால் காப்பகம் நடத்த முடியாது. ஒழுகுகிற மூக்கோடு குழந்தை விளையாடுகிறதா, மடியைத் தேடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மடியைத் தேடினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்தேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

காலை ஏழரைக்குக் கதவு திறப்போம். கதவையொட்டி உள்பக்கம் ஒரு முக்காலி இருக்கும். அது என் இடம். வருகிற ஒவ்வொரு குழந்தையின் பிடரியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்ப்பேன். பிறகு, "சிங்கம் எப்படிக் கொட்டாவி விடும்?" என்று கேட்பேன். வாயைப் பிளந்து காட்டுவார்கள். டார்ச் அடித்து நாக்கு, தொண்டை, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்துவிடுவேன். அரை நிமிடம் ஆகும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சில வாண்டுகள் பால் கொண்டு வருபவரிடம்கூட வாயைத் திறந்து காட்டும்.

பெற்றோருக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏர்போர்ட்ல கூட இவ்ளோ சோதனை கிடையாதுங்க" என்பார் ஓர் அப்பா. எனக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னைக்குச் சுங்கச்சாவடி விடுமா, விடாதா?" என்று தெருவில் கேட்டுக்கொள்வது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். நானும் சிரித்துக்கொள்வேன். ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பினால் ஒரு வீட்டில் ஒருவருக்கு அன்றைய வேலை போயிற்று. கோபம் வரத்தான் செய்யும்.

சின்னவளைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். இருபது வயதில் வேலைக்கு வந்தாள். டயப்பரை முன்பின் மாற்றிக் கட்டினாள். குழந்தை அழுதால் கூடவே அழுவாள். கை கழுவுவதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். மதியம் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். என் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுப்பாள். அவளுக்கு வலி வந்தபோது கணவன் வெளியூரில் இருந்தான். வாடகைக் காரில் நான்தான் கொண்டுபோனேன். பெண் குழந்தை. தாதி வெளியே வந்து முதலில் என் கையில்தான் கொடுத்தாள். எனக்குச் சொந்தமாகக் குழந்தை இல்லை. இதை எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் பரவாயில்லை.

மூன்று மாதத்தில் குழந்தையோடு வேலைக்குத் திரும்பினாள். பாப்பு எங்கள் கைக்குழந்தை அறையில் வளர்ந்தாள். என் குரல் கேட்டால் தலையைத் திருப்புவாள்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்தக் கூட்டம் நடந்தது. நான் திருப்பி அனுப்பிய ஒரு பையனுக்கு ஒன்றுமே இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். பெற்றோர் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகியிடம் கொடுத்தார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வெளியாட்கள். நிர்வாகி எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, "நீ என்னம்மா நினைக்கிற?" என்று சின்னவளைத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நான் திருப்பி அனுப்பி, பிறகு ஒன்றுமில்லை என்று ஆன குழந்தைகளின் விவரம். தேதியோடு. நாலு மாதமாக எழுதி வைத்திருக்கிறாள். அந்த நாலு மாதமும் என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

"அக்காவுக்கு வயசாயிடுச்சு மேடம். பயம் ஜாஸ்தியாயிடுச்சு. மெஷின் வாங்கிட்டா நம்பர் சொல்லிடப்போகுது. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

அடுத்த வாரம் நெற்றிக்கு நேரே பிடிக்கிற காய்ச்சல் துப்பாக்கி வந்தது. நூற்றுக்கு மேல் காட்டினால் வீடு, கீழே காட்டினால் உள்ளே. சிங்கக் கொட்டாவி வேண்டாம் என்று ஆகிவிட்டது. சின்னவள் மேற்பார்வையாளர் ஆனாள். நான் பின்னால் பாலறையில், புட்டிகளும் பொம்மைகளும் கழுவுகிற இடத்தில். தொலைபேசியும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்றாள். புட்டி கழுவுகிறவளிடம் யார் பதிலை எதிர்பார்க்கிறார்கள்?

திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

சுருட்டை என்று ஒரு பையன், இரண்டரை வயது. அம்மா வங்கியில் வேலை. தடுப்பூசிப் பதிவேட்டில் அவன் பக்கம் பாதி காலி. அப்புறம் போடுகிறோம், அப்புறம் போடுகிறோம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர்கள். அன்று காலை துப்பாக்கி தொண்ணூற்றொன்பது காட்டியது. சின்னவள் உள்ளே அனுப்பினாள். அவன் பொம்மைகள் பக்கம் போகவில்லை. நேராகப் பாலறைக்கு வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. இருமல் இருந்தது. வாயில் காய்ச்சல் சிரப்பின் இனிப்பு வாடை அடித்தது. கொடுத்துவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். சிரப்புக்குப் பிறகு எந்த மெஷின் என்ன சொல்லும்?

சிங்கம் எப்படிக் கொட்டாவி விடும் என்று கேட்டேன். பாவம், காய்ச்சலோடும் வாயைத் திறந்தான். கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரில், உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் பொட்டுகள். தட்டம்மை. உடம்பில் தடிப்பு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வாயில் தெரியும். பத்தொன்பது வருடத்தில் நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தால் மறக்காது.

வாசலுக்குப் பத்தடிதான். போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லத்தான் கிளம்பினேன். சின்னவள் துப்பாக்கியை விரலில் சுழற்றிக்கொண்டு அந்த ஏர்போர்ட் அப்பாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் டிராஃபிக் ஜாம் இல்லாம இருக்கு" என்று அவர் சொன்னார். அவளும் சிரித்தாள். நான் திரும்பிவிட்டேன்.

சோர்ந்த குழந்தைகளை அமைதியான இடத்தில் படுக்கவைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கைக்குழந்தை அறைதான் அமைதியாக இருக்கும். அங்கே பாப்பு மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம். தட்டம்மைத் தடுப்பூசிக்கு இன்னும் வயதாகவில்லை. தொட்டிலுக்கு அருகில் பாய் விரித்துச் சுருட்டையைப் படுக்கவைத்தேன். காற்று சில்லென்று வந்தது. ஜன்னலை மூடினேன்.

மதியம் அவன் உடம்பு மறுபடி சுட ஆரம்பித்தது. பையில் சிரப்பு இருந்தது. அளவு பார்த்து, கொடுக்க வேண்டிய நேரம் பார்த்துத்தான் கொடுத்தேன். சாயங்காலம் வரை யாரும் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் அவன் வந்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன் வரவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நீங்கள் எதற்காக என்னை வரச்சொன்னீர்களோ, அது இதுதான்.

அவன் அம்மா. அழுதாள். உடம்பு முழுக்கத் தடிப்பு என்றாள். "தட்டம்மைன்னு சொல்லிட்டாங்கக்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. சின்னக் குழந்தைங்க பக்கத்துல இருந்திருந்தா, ஆறு நாளைக்குள்ள ஒரு ஊசி இருக்காம், போட்டா பெரிசா ஒண்ணும் ஆகாதாம். மறந்துடாதீங்க."

"சரிம்மா, நான் சொல்லிடறேன். நீங்க அழாதீங்க" என்றேன்.

அந்த ஊசி எனக்குத் தெரியும். சுகாதார அலுவலகச் சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டியவளே நான்தான். திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் ஞாயிறு வரை அவகாசம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலறை வாசலில் நின்றாள். "அக்காவுக்கு டாட்டா சொல்லு" என்றாள். பாப்பு கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். வெள்ளிக்கிழமையும் ஆட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். சீட்டில் எழுதி வைத்தது புட்டிக் கூடைக்கு அடியில் போய்விட்டது என்று சொன்னேன். சீட்டெல்லாம் எதுவும் இல்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் வரும், இவள் இரண்டு நாள் ராத்தூக்கம் கெட்டு உட்காருவாள், வாசல் என்றால் என்னவென்று புரியும். அவ்வளவுதான் நினைத்தேன். நூற்றில் தொண்ணூறு குழந்தைகள் எழுந்து விளையாடுகிற நோய் அது. சுருட்டை பத்தாம் நாள் பந்து விளையாடினான். பாப்புவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நீளப் பெஞ்சு. மூன்றாம் நாள் சின்னவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க வாசல்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுக்கா. நான்தான் பாவி."

அதைத்தான் நான் கேட்க நினைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் தலையைத் தடவி, "விடு, நான் மன்னிச்சிட்டேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். குழந்தை அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தது.

சுருட்டையின் அம்மா துக்கம் கேட்கப் போனபோது, வியாழக்கிழமையே போன் பண்ணினேனே என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். சின்னவள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். பத்து வருடப் பழக்கம், தாயாகப் பார்த்துக்கொண்டவள் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். நான் செய்தவைதான் எல்லாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒரு முறை அவளை மன்னித்தாயிற்று. இரண்டாம் முறையும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். இதை மன்னிக்க முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.