மாமியின் பெயர்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய தம்பதி எனக்கு முன் சீட்டில் அமர்ந்தார்கள். மடியில் பெண்குழந்தை.

"உங்கட அம்மான்ட பேரை வைச்சா நான் பிள்ளையை எப்பிடி ஏசுறது?"

"அதுக்குத்தானே வீட்டுப் பேர். பபா எண்டு கூப்பிடன்."

"பபா எண்டு கூப்பிட்டு ஆராவது ஏசுவினமே? மருமகள் மாமியின்ட பேரைச் சொல்லக்கூடாது எண்டு உங்கட அம்மாதானே சொன்னவ. நாலு வருசமா நான் சொன்னதில்லை."

"நாளைக்குப் பிள்ளையின்ட பேர் பதியவேணும். ஒருக்காச் சொல்லித்தான் பாரன்."

குழந்தை அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தது.

"எடியே சிவகாமசுந்தரி, விடடி கையை!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. குழந்தை சிரித்தது. கணவன் மட்டும், அம்மாவே ஏறிவிட்டதுபோல், பதறிப்போய்க் கதவுப் பக்கம் பார்த்தான்.

அவள் மயிரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, இந்தப் பேரே இருக்கட்டும். வீட்டுப் பேர் வேண்டாம்."