திரும்பிப் பார்க்கும் மான்

கோப்பியில் சீனி கூடிவிட்டது. பரவாயில்லை, குடிக்கிறேன். மொழிபெயர்க்கும் தம்பி, நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தப் பொலிஸ்காரருக்குச் சொல்லும்.

என் பெயர் அம்பலவாணர். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து முப்பத்தொரு வருடம். அதற்கு முன் வன்னிக் காட்டில் மான் வேட்டையாடியவன். மானைத் துரத்துகிறவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான். பயந்த மான் முதலில் கண்மண் தெரியாமல் பாயும். பின்னால் ஒருவரும் வரவில்லை என்று கண்டால் வட்டமடித்துத் தன் பழைய தடத்துக்கே வந்துவிடும். அங்கே காத்திருக்கவேண்டும். மெல்லச் சீழ்க்கை அடித்தால் நின்று திரும்பிப் பார்க்கும். அந்தக் கணம் போதும்.

என் மூத்த மகள் கிருசாந்தினி மாசியில் ஸ்ரான்லியோடு போய்விட்டாள். அவன் எந்தப் பகுதி, என்ன சாதி என்று என் வாயால் சொல்லமாட்டேன். பக்கத்து ஊர் பகேரியாவில் இருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. பல்லாரோச் சந்தையில் கோபாலசிங்கம், "என்ன அண்ணை, இனிச் சம்பந்தி வீட்டு மீன் சும்மா வருமே?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். இளையவளுக்குப் பேசியிருந்த இடம் அந்தக் கிழமையே விலகியது.

நான் பகேரியாவுக்குப் போகவில்லை.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஒப்பரேசன். நான் பிழைத்தால், மாதத்தின் முதல் ஞாயிறு வெறுங்காலோடு சாந்தா ரொசாலியா தேவாலயம் இருக்கும் மலை ஏறுவதாகக் கிருசாந்தினி நேர்த்தி வைத்தாள். பன்னிரண்டு தரம். நாங்கள் சைவக்காரர்தான், ஆனாலும் இந்த ஊரில் அந்த மலைக்கு நேராத தமிழர் குறைவு. பதினொன்று முடிந்திருந்தது. என் வளர்ப்பு எனக்குத் தெரியும். பன்னிரண்டாவதுக்கு வருவாள்.

பங்குனி முதல் ஞாயிறு, விடிந்த கையோடு, பழைய கல்பாதை வளைவில் ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். தனியாகத்தான் வந்தாள், கையில் மெழுகுதிரி. என்னைக் கடந்து நாலு படி ஏறவிட்டு, "குஞ்சு" என்றேன்.

நின்றாள். திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் ஏன் இஞ்சை ஏறினீங்கள்? உங்கடை நெஞ்சுக்கு இது கூடாதெல்லே" என்றாள். இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

வேட்டைக்காரனிடம் மான் இறங்கி வராது. அதற்கு என்ன செய்வதென்று காட்டில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் பிடித்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது, தம்பி. தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன்.

அந்த வளைவில் மதில் தாழ்வு, அப்பால் கிடுகிடு பள்ளம். அவள் வழுக்கி விழவில்லை. அவள் பிடித்திருந்த அந்தக் கையாலேயே தள்ளினேன்.

மெழுகுதிரி படியில் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சத் தூரத்தை நானே ஏறி, அதைக் கொளுத்தி வைத்தேன். நேர்த்தி குறையில் நின்றால் பிள்ளைக்கல்லவா கெட்ட பெயர்.