கார்டில் விழுந்த கோடு

— ஒல்லியா இருக்குன்னு பாக்காதிய நல்லகண்ணு அண்ணாச்சி. கால் மணி நேரத்துல மலேரியா உண்டா இல்லியான்னு இந்தக் கார்டு சொல்லிரும். முந்நூறு ரூவாதான்.

— முந்நூறா? ஜெபிதா, நீ லேப் வச்சிருக்கியா, நகைக்கடை வச்சிருக்கியா?

— உங்க மாப்ள மாரிச்செல்வத்தக் கேளுங்க. ராய்ப்பூர் முறுக்குக் கடையில இருந்து காய்ச்சலோட வந்தாரு. டைபாய்டுன்னு ஒரு எடத்துல ஊசி, டெங்குன்னு இன்னொரு எடத்துல குளுக்கோஸ். ரெண்டாயிரம் தண்ணியாப் போச்சு. கடைசியில இங்கன வந்து வெரல்ல ஒரு குத்து. மூணு நாள் மாத்திரை, எந்திரிச்சு உக்காந்துட்டாரு. சரியா? அந்த முந்நூறும் இல்லன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, சும்மாவே பாப்பாங்க.

— அவன் இன்னும் மாப்ள ஆகல பாத்துக்க. ஞாயித்துக்கெழமதான் நிச்சயம். மலேரியாக்காரனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு போன வாரமே கரிவலம் பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லிட்டேன்.

— ஒரு காய்ச்சலுக்காகவா? அனு என்ன சொல்லுதா?

— அன்னையிலருந்து எம் மக எனக்குச் சோறு போடல. தட்டக் கழுவிக் கமுத்தி வச்சிட்டா.

— நல்ல புள்ள.

— சிரிக்காத. இந்தா, போன்ல போட்டோவப் பாரு. நேத்து ராஜபாளையத்துல ஒரு லேப்ல போட்ட கார்டு. கோடு ரெண்டு தெரியுதா?

— தெரியுது. ஒத்தக் கோடுன்னா இல்ல, ரெண்டுன்னா இருக்கு. ஆனா இத நம்பியா நிச்சயத்த நிறுத்தப் போறிய? கிருமி செத்த பெறவும் அது விட்டுட்டுப் போன சங்கதி ரெண்டு மூணு வாரம் ரத்தத்துல கெடக்கும். கார்டு அதத்தான் புடிக்கும். மாத்திரை முடிச்சவருக்குத் திரும்பக் கார்டு போட்டது தண்டச்செலவு. கண்ணாடியில ரத்தத்தத் தடவி மைக்ராஸ்கோப்புல பாக்கணும், சரியா? அதையும் நான் பாத்துட்டேன். அவரு ரத்தத்துல ஒண்ணுமே இல்ல.

— அப்ப இந்தக் கோட்டுக்குப் பயப்பட வேண்டாம்?

— வேண்டாம்.

— மாத்திரையும் வேண்டாம்?

— வேண்டாங்கேன்.

— சரி. மாத்திரையே சாப்புடாத ஆளுக்கு இதே கோடு விழுந்தா?

— அது வேற. கிருமி உசுரோட இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும். தள்ளிப் போட்டா உசுருக்கே ஆபத்தாயிரும். அவருதான் சாப்புட்டு முடிச்சிட்டாரே, உங்களுக்கு எதுக்கு அந்தக் கவல?

— சும்மா கேட்டேன் பாத்துக்க. அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்துதியா?

— இந்த வெயில்லயா? சரி, நிறுத்துதேன். நீங்களும் ராய்ப்பூர் போயிட்டு வந்தியன்னு அனு சொன்னாளே?

— பொண்ணு குடுக்கப் போற எடத்த விசாரிக்க வேண்டாமா? பத்து நாள் அவன் ரூம்லதான் தங்குனேன். இருந்த ஒத்தக் கொசுவலையையும் எனக்குக் குடுத்துட்டு அவன் வெளியில படுத்தான். எனக்கெதுக்குலே வலை, நான் என்ன மீனான்னு கேட்டேன். சுருட்டித் தலைக்கு வச்சுப் படுத்துட்டேன்.

— கர்த்தரே! உங்களுக்கு வலையக் குடுத்துதான் அவருக்குக் காய்ச்சலே வந்திருக்கு. அவரப் போயா வேண்டாங்கிய? இப்பவே போன் போட்டு நிச்சயம் உண்டுன்னு சொல்லுங்க.

— சொல்லிருதேன். மொதல்ல அவன் மூஞ்சியில எப்படி முழிக்கன்னுதான் தெரியல.

— அதெல்லாம் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. ஆமா, நேத்து காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் அந்தக் கண்ணாடி ரிசல்ட்டுக்காக அவரு இங்கனதான உக்காந்திருந்தாரு? ராஜபாளையத்துக்கு எப்பப் போய்க் கார்டு போட்டாரு?

— அவன் எங்க வந்தான் தாயி. அது என் வெரல்ல குத்துனது.