இருக்கிற வீட்டுக்கே தரகு

வட்டகொடையில் என்னோடு ரயில் ஏறிய பெண், என் எதிர் சீட்டில் தனக்குத் தெரிந்த மூத்த பெண் ஒருத்தியைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்தாள். அவள் சொன்ன முதல் பேச்சிலேயே நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

"இருக்கிற வீட்டுலயே இருக்கிறதுக்கு வருஷா வருஷம் தரகு குடுத்திருக்கேன்க்கா."

"வீடு பாத்துக் குடுத்தாத்தானே தரகு?"

"வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்னு தரகர் வந்து நிப்பாரு. வீட்டுக்காரம்மா எங்களைக் காலி பண்ண வைக்கப் பாக்குறாங்களாம். இவருதான் பேசிச் சரிக்கட்டுறாராம்."

"நீ நேரா போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"அவங்க கொத்மலையில இருக்கிற சிங்கள அம்மா. தமிழ் ஒரு சொல்லு தெரியாதுன்னாரு. இந்த வருஷம் தரகையும் கூட்டிட்டாரு. பொறுக்க முடியாம, நாலு வரி சிங்களம் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயிட்டுத்தான் வாறேன்."

"சொன்னியா?"

"ரெண்டாவது வரியிலயே அந்தம்மா சிரிச்சிட்டாங்க. 'தமிழ்லயே சொல்லு புள்ள, நான் தேயிலைத் தோட்டத்துக் கடையில இருபது வருஷம் யாவாரம் பண்ணவ'ன்னாங்க."

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் கேளுங்க. நாங்க காலி பண்ணப் போறோம்னும், தான் பேசி நிறுத்தி வைக்கிறதாவும் சொல்லி அவங்ககிட்டயும் வருஷா வருஷம் தரகு வாங்கியிருக்காரு!"

"அடப்பாவி! இனி என்ன செய்யப் போறே?"

"ஞாயித்துக்கிழமை தரகு வாங்க வாறாரு. உக்கார வச்சுத் தேத்தண்ணி ஊத்தப் போறேன்."

"அந்த ஆளுக்கா?"

"ஊத்துறதுதான் நானு. உள்ளயிருந்து கொண்டாந்து குடுக்கப் போறது வீட்டுக்காரம்மா."