தொண்ணூற்று மூன்றாம் கம்பி

பேச்சாளர்களைக் கைக்கடிகாரத்தால் கட்டிக் காக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பேச்சைச் செவியிலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! பாலத்துக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, முதலில் இறங்குங்கள், பிறகு வணக்கம்!

எண்பது ஆண்டுகள்! படகு கவிழ்ந்து பதினொரு பேரைப் பறிகொடுத்த ஊர், கண்ணீரோடு கட்டிய தொங்கு பாலம் இது. இரண்டு கோபுரம், இரண்டு வடம், இருநூறு தொங்குகம்பி. எத்தனை மணமக்களைச் சுமந்தது! எத்தனை மருத்துவச்சிகளை அக்கரை சேர்த்தது!

இந்தப் பாலத்தின் காவலர் என் அப்பா. விடிந்ததும் சுத்தியலோடு புறப்படுவார். ஒவ்வொரு கம்பியையும் தட்டுவார். கணீரென்றால் கம்பி நலம். சத்தம் மந்தமாக விழுந்தால் உள்ளே துரு. அவர் தோளில் கைவைத்தபடி பின்னாலேயே என் அம்மா நடப்பார்.

"என்ன காவலரே, கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, இன்னுமா கைய விடல?" என்று மீன்கார அக்கா கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? அன்று ஊரே சிரித்தது. அந்தக் கேள்வி அப்பாவுக்குக் கேட்கவே இல்லை என்பது யாருக்குத் தெரியும்?

ஆம்! ஒரு காய்ச்சலில் அவர் காது போய்விட்டது. சொன்னால் வேலை போகும். பாலத்தடி வீடும் போகும். தட்டியது அவர் கை. கேட்டது அம்மாவின் காது. கெட்ட கம்பி என்றால் தோளை அழுத்துவார். ஒன்பது ஆண்டுகள், ஒருவருக்கும் தெரியாது!

அம்மா, கையை ஆட்டாதே. இன்று சொல்லத்தான் போகிறேன்.

ஒரு சந்தை நாள். தொண்ணூற்று மூன்றாம் கம்பியில் தோள் அழுந்தியது. அப்பா பாலத்தின் கதவை இழுத்துப் பூட்டினார். கூடையும் மூட்டையுமாக நின்ற கூட்டம் கொதித்தது. மேலதிகாரி ஓடிவந்து அந்த இரைச்சலில் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானேய்யா இருக்கு? உனக்கென்ன காது செவிடா?" என்று கத்தினார்.

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வேண்டாம், திறக்காதே என்று அம்மா தலையசைத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பா சொன்னார்: "கழட்டிப் பாருங்கய்யா. அப்புறம் என்னை வேலைய விட்டுத் தூக்குங்க."

கம்பியின் அடியை மூடியிருந்த இரும்புப் பூணைக் கழற்றினார்கள். உள்ளே கம்பி தீக்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது.

அந்த நாளுக்காகத்தான் மறைந்த என் தந்தைக்கு இன்று கல்வெட்டு. திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெயர். காலையில் கிளம்பும்போது அம்மா சொன்னார்: "வெளிய சொல்லிடாதடி. ஊர ஏமாத்திட்டாருன்னு பேசுவாங்க. அவரு பேரு போதும்."

ஏமாற்றா? எண்பது ஆண்டில் ஓர் உயிரையும் ஆற்றுக்குக் கொடுக்காத பாலமல்லவா இது! கடைசி நாட்களில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் யாரிடம் சொல்வேன்? "பாலத்த உங்கம்மாதான் பாத்துக்கிட்டா. எனக்குத்தான் சொல்லத் துணிச்சல் வரல. நீ சொல்லும்மா."

சொல்லிவிட்டேன் அப்பா.

தலைவர் அவர்களே, கல்வெட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அளந்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஆகா, தலையசைக்கிறாரே தலைவர்!

கைதட்டல் போதும், ஒரு நிமிடம் அமைதி. இதோ அப்பாவின் சுத்தியல். அம்மா, எழுந்து வா. இன்று நீயே தட்டு, நீயே கேள். எப்படி இருக்கிறதென்று எங்களுக்கும் சொல்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கெல்லாம் நன்றி. என் அம்மாவின் செவிக்கு வணக்கம்!